இலட்சுமிப்பிள்ளை, வாகரை, பிள்ளைகள் இரண்டு

றோஸ்மேரி கட்டாரில் இருந்த எட்டு வருடமும் எழுதிய வலைப்பதிவு இன்னும் இணையத்தில் கிடக்கிறது. அண்ணன் மகள் மேர்லின் அதைத் தற்செயலாகக் கண்டுபிடித்துவிட்டாள்.

"மாமி, இது நீங்களா எழுதின? என்ன பகிடி!"

"ஓம். அந்த முதல் வருசத்த மட்டும் வாசி. 2004 மார்கழிக்குப் போகாத."

போகாதே என்று சொன்னால் யார்தான் போகாமல் இருப்பார்கள்? அடுத்த நாள் மேர்லினின் முகத்தில் சிரிப்பு இல்லை. அதனால் றோஸ்மேரி எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

கல்லடிப் பெண் றோஸ்மேரி. மட்டக்களப்பு நகரத்து அச்சகமொன்றில் கல்யாணக் கார்டும் மரண அறிவித்தலும் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் காத்தான்குடி ஸஹீதா. 2003இல் றோஸ்மேரி தோஹாவுக்குப் போனாள். பாரவண்டிக் கொம்பனியொன்றில் அதே தட்டச்சு வேலை. ஒரே அறையில் ஆறு பெண்கள். அவளுக்குக் கிடைத்தது மேல்கட்டில். வலைப்பதிவுக்கும் அதையே பெயராக வைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும் என்பதால் படுத்தபடியே தலை வாருவதைப் பற்றி எழுதினாள். பதினொரு மாதத்துக்குப் பிறகு மழை பெய்தபோது, அலுவலகமே வேலையை விட்டுவிட்டு வெளியே ஓடி நனைந்ததைப் பற்றி எழுதினாள். வளைகுடாவில் வேலை செய்த பொடியன்மார் முப்பது நாற்பது பேர் வாசித்தார்கள்.

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. தோஹாவில் அது வேலை நாள். சுனாமியாய்க் கடல் ஊருக்குள் வந்த செய்தி அலுவலகத்துக்கு வந்தபோது ஊரில் மத்தியானம் ஆகியிருந்தது. அம்மாவும் அண்ணனும் இருந்த கல்லடி வீட்டுத் தொலைபேசி எடுபடவில்லை. அன்றைக்கு முழுக்க, மறுநாளும் முழுக்க, அவள் இலக்கத்தை அழுத்திக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் காத்தான்குடியில் ஸஹீதாவின் கணவருடைய புடவைக் கடைக்கு லைன் கிடைத்தது.

"றோஸ், உங்கட உம்மாவும் நானாவும் தப்பிட்டாங்க. டவுணில, கோயிலுக்குள்ள இருந்திரிக்காங்க. நான் கண்ணால கண்டன்." ஸஹீதா அழுதாள். பிறகு சொன்னாள்: "வீடு இல்ல புள்ள. உங்கட ஒழுங்கையில ஒரு வீடும் இல்ல."

அதை அவள் பதிவில் எழுதினாள். அன்று மாலையே பின்னூட்டங்கள் வந்து குவிந்தன. நாவலடியில் அம்மா இருக்கிறாவா? பாசிக்குடாவில் தம்பி இருக்கிறானா? றோஸ்மேரி ஸஹீதாவிடம் கேட்டாள். ஸஹீதா ஒரு பயிற்சிக் கொப்பியோடு கிளம்பினாள். அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடங்களுக்கும் கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் போய், உயிரோடு இருப்பவர்களின் பெயர்களை எழுதினாள். தூரத்து முகாம்களின் பெயர்களை அங்கிருந்து வந்தவர்களிடம் கேட்டு எழுதினாள். பின்னேரத்தில் கடைத் தொலைபேசியில் வாசிப்பாள். றோஸ்மேரி தட்டச்சுச் செய்து பதிவில் ஏற்றுவாள். ஐந்து நாளில் நானூற்றுச் சொச்சம் பெயர்கள்.

அதில் ஒரு வரி: இலட்சுமிப்பிள்ளை, வாகரை, பிள்ளைகள் இரண்டு.

சவூதியில் வேலை செய்த அருமைநாயகம் என்பவர் அதன் கீழே எழுதினார். "இது என்ட மனிசியா? வயது முப்பத்தொண்டு. மகனுக்குப் பன்னிரண்டு, மகளுக்கு ஆறு." ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு அதே கேள்வி. பிறகு மூன்றாவது தடவை: "தயவு செஞ்சி சொல்லுங்க."

றோஸ்மேரி கடைக்கு அழைத்தாள். லைன் மறுபடி போய்விட்டது. வாகரை சரி. பிள்ளைகள் இரண்டு சரி. அந்த மனிதர் திரைக்கு அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. அவள் எழுதினாள்: "ஓம் அண்ணன். உயிரோட இருக்கிறா."

லைன் வர இரண்டு நாளானது. ஸஹீதா கொப்பியைப் புரட்டினாள். "வாகரை இலட்சுமிப்பிள்ளையா? வயசு போன மனிசி எண்டு சொன்னாங்க. ரெண்டும் பேரப்பிள்ளைகள். ஏன்கா?"

றோஸ்மேரி போனை வைத்தாள். சவூதி இலக்கத்தைத் தேடிப் பிடித்து அழைத்தாள். அறை நண்பர் ஒருவர் எடுத்தார். "அவர் விடியவே ப்ளைட் ஏறிட்டாரே, தங்கச்சி. அழுதழுதுதான் போனார். சந்தோசத்தில."

இனி அவரை நிறுத்த வழியில்லை. பாதை உடைந்து கிடந்தது. அவர் கொழும்பில் இறங்கி, பஸ்ஸிலும் லொறியிலும் நடந்தும் வாகரைப் பக்கம் போய்ச் சேரும்வரை, ஒன்றரை நாள், அவள் சாப்பிடவில்லை. மேல்கட்டிலில் சுருண்டு கிடந்து, அவர் இப்போது எங்கே நிற்பார் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட முகாமில் அவர் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். ஒரு கிழவி எழும்பி வந்தாவாம். மனைவியும் மகளும் முதல் நாளே கடலோடு போய்விட்டார்கள். மகன் ஜெயந்தன் மட்டும் ஒரு மாமரத்தில் தொற்றிக்கொண்டு தப்பியிருந்தான்.

இரண்டு கிழமைக்குப் பிறகு அவர் அழைத்தார். ஏசுவார் என்று அவள் காத்திருந்தாள்.

"மூணு நாலு நாள் அவ எனக்கு உயிரோட இருந்தா, பிள்ள. அதுக்கு உங்கள ஏசுறதா, கும்பிடுறதா எண்டு எனக்கு விளங்கல்ல."

அதற்குப் பிறகு அவள் பகிடி எழுதவில்லை. எப்போதாவது எழுதினாலும் வெயிலைப் பற்றி எழுதினாள்.

2006 கடைசியில் வாகரையில் செல் குண்டுகள் விழத் தொடங்கின. சனம் காட்டு வழியாக ஓடியது. அந்த ஓட்டத்துக்குச் சற்று முன்னர் ஜெயந்தனை இயக்கம் போருக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அவனுக்குப் பதினான்கு வயது. வன்னிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஒரு கதை. வழியிலேயே செத்துவிட்டான் என்று இன்னொரு கதை.

2009 வைகாசியில், வன்னியில் போர் முடிந்தபோது, பின்னூட்டங்கள் மறுபடி வந்தன. வன்னியிலிருந்து வந்தவர்களின் பட்டியல் இருக்கிறதா? வவுனியா முகாம்களுக்கு நிவாரணம் கொண்டுபோகும் ஒரு கன்னியாஸ்திரி, பழைய பதிவை நினைவில் வைத்திருந்து, அறுபத்துமூன்று பெயர்களை மின்னஞ்சலில் அனுப்பினார். அதே நாள் பெயரில்லாத ஒருவர் எழுதினார்: "லிஸ்ட் வந்தா ஊர், வயது எல்லாம் போடுங்க. முக்கியமா பொடியன்மார்ர விபரம்."

யார் அது? தகப்பனா, இயக்கத்தில் இருந்த பொடியன்மாரைத் தேடிப் பிடிக்க வந்தவனா? றோஸ்மேரி அந்த வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டியலைப் பதிவில் போடவில்லை. "தேடுகிறவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள்" என்று மட்டும் போட்டாள்.

பட்டியலில் முப்பத்தெட்டாவது பெயர் ஜெயந்தன், பதினேழு, வாகரை.

அருமைநாயகம், ஓடிவந்து தங்கியிருந்த வாழைச்சேனையிலிருந்து அழைத்தார். "பிள்ள, லிஸ்ட் ஒண்டு இருக்காம். என்ட மகன் இருக்கானா?"

பெயர் அவள் கண்முன்னே இருந்தது. "இப்ப ஒண்டும் சொல்ல மாட்டன் அண்ணன். முதல்ல நான் ஒரு விசயம் கேக்கணும். உங்கட மகள வீட்டில என்னெண்டு கூப்பிடுற?"

"அது எதுக்கு இப்ப?" குரல் உயர்ந்தது. "இருக்கானா இல்லயா? அண்டைக்கு ஒடன சொன்னீங்களே!"

"அதாலதான் அண்ணன்."

அவர் மகளின் செல்லப் பெயரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

பதினொரு நாள் போனது. அதே கேள்வியைப் பையனிடம் கேட்கக் கன்னியாஸ்திரிக்கு முகாமுக்குள்ளே போக ஒருநாள் அனுமதி கிடைக்கும், ஒருநாள் கிடைக்காது. அருமைநாயகம் ஒவ்வொரு நாளும் அழைத்தார். ஒருநாள் கெஞ்சினார். ஒருநாள், "உனக்குப் பிள்ள இல்ல, அதான் இப்பிடி," என்றார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னும் தெரியாது அண்ணன்," என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் கன்னியாஸ்திரி அழைத்தார். "கேட்டன். தங்கச்சிக்குப் பேர் கண்ணகையாம். வீட்டில முட்டாசு எண்டு கூப்பிடுறதாம். சொல்லிட்டு அந்தப் பிள்ள எழும்பி அங்கால போயிட்டு."

தகப்பன் சொன்னதும் அந்த மிட்டாய்ப் பெயர்தான். முட்டாசு.

அவள் வாழைச்சேனைக்கு அழைத்துச் சொன்னாள். அழுகையை எதிர்பார்த்தாள். அவர் அழவில்லை.

"கால் கை எல்லாம் இருக்கா?"

"தெரியாது அண்ணன். அத நான் கேக்கல்ல."

"சரி," என்றார். "சரி. நான் போய்ப் பாக்கன்."

ஜெயந்தன் முகாமிலிருந்து விடுபட்டு வீடு வந்து சேர இன்னும் ஒன்றரை வருடம் எடுத்தது. ஒரு காது கேட்காது. இப்போது பனிச்சங்கேணிப் பக்கம் தகப்பனோடு மீன்பிடிக்கத் தோணியில் போகிறான். அந்த அறுபத்துமூன்று பேரில் ஒன்பது பேரைத்தான் றோஸ்மேரியால் சொந்தக்காரரோடு சேர்க்க முடிந்தது. மீதிப் பெயர்களைத் தேடி யாரும் வரவில்லை.

2011இல் அவள் ஊருக்கு வந்துவிட்டாள். நகரத்தில் வேறொரு அச்சகத்தில் வேலை செய்கிறாள்.

"அந்த 'ஓம்' இன்னும் அப்பிடியே கிடக்கு மாமி," என்றாள் மேர்லின். "அழிச்சிரட்டா?"

"வேணாம்," என்றாள் றோஸ்மேரி. "நான் சொன்னதுதானே."