கரண்டுக்கு முன் ஒரு வெற்றிலை

ஆறு வாரத்துக்குள் கரண்ட் வைக்க ஆரம்பித்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது, எனக்கு ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. இடது கன்னத்துக்கு உள்ளே இருந்த புற்றை எடுத்துவிட்டு, மார்பிலிருந்து சதை கொண்டுவந்து வைத்துத் தைத்திருந்தார்கள். கழுத்தையும் கீறி, அங்கே இருந்த நெறிக்கட்டிகளை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அவற்றில் ஒன்றில் நோய் இருந்தது. ஒன்றே ஒன்றில்தான். அந்த ஒன்றுக்காகத்தான் கரண்ட்.

கரண்ட் என்றால் கதிர் வைத்தியம். ஆஸ்பத்திரிச் சுவரில் அதற்குப் பெரிய பெயராக எழுதி வைத்திருக்கிறார்கள். பெஞ்சில் காத்திருக்கிற நாங்கள் எல்லோரும் கரண்ட் என்றுதான் சொல்வோம்.

டாக்டரம்மா சின்ன வயசு. ஆனால் எதையும் மறைத்துப் பேசவில்லை. "வாரத்துக்கு அஞ்சு நாள், ஆறு வாரம் வரணும்மா. வாய் புண்ணாகும். எச்சில் குறைஞ்சிடும். ருசி போயிடும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வரும், முழுசா வருமான்னு என்னால சொல்ல முடியாது. கரண்ட் வைக்கலேன்னா நோய் திரும்பறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. முடிவு நீங்கதான் சொல்லணும்" என்றார். ஆரம்பிப்பதற்கு முன் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்க வேண்டும் என்றும் சொன்னார். இந்த வயதிலும் கரும்பு கடித்த பற்கள் அவை.

யோசித்துச் சொல்கிறேன் என்று நோட்டில் எழுதிக் காட்டினேன்.

நோட்டு என் மகள் வாங்கித் தந்தது. ஆபரேஷன் முடிந்த புதிதில் எனக்குப் பேச்சே வரவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற என் எழுத்து அப்போதுதான் வேலைக்கு வந்தது. பிறகு பேச்சு வந்துவிட்டது. ஆனால் கொழகொழவென்று, வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி வந்தது. நாற்பது வருஷம் கடைத்தெருவில் தலை நிமிர்ந்து பேசியவள் நான். அந்தக் கொழகொழப்பை வெளியாட்கள் கேட்க நான் விடவில்லை. மகளிடம் மட்டும் பேசுவேன், மற்றவர்களுக்கு எழுதிக் காட்டுவேன். அப்படி எழுதிப் பழகித்தான் இதையும் எழுதுகிறேன்.

எனக்கு வலியைப் பற்றிப் பயம் என்று எல்லோரும் நினைத்தார்கள். வலி எனக்குப் பெரிதில்லை. ருசி போய்விடும் என்றாரே, அங்கேதான் நான் நின்றுவிட்டேன்.

நான் மயிலாப்பூரில், மார்க்கெட் சந்தில் வெற்றிலை விற்கிறவள். ஈரச் சாக்கு விரித்து, கவுளி கவுளியாக, நூறு இலை ஒரு கட்டாக அடுக்கி வைத்திருப்பேன். என் வீட்டுக்காரர் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தார். வேலை விட்டு நேரே கடைக்குத்தான் வருவார். தெருக்குழாயில் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவுவார். கழுவினாலும் இரும்பு வாசனை கொஞ்சம் இருக்கும். சாக்கின் ஓரத்தில் குந்திக்கொண்டு, ஒவ்வொரு இலையாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, எனக்கு ஒன்று எடுப்பார்.

"நானே மடிச்சிக்கிறேன், குடு" என்று கையை நீட்டினால் தட்டிவிடுவார்.

"விக்கிறவளுக்கு மடிக்கத் தெரியாது. தள்ளிக் குந்து."

காம்பைக் கிள்ளி, நரம்பை நகத்தால் உரித்து, நகக்கண் அளவு சுண்ணாம்பு தடவுவார். சீவல், ஒரு கிராம்பு, ஒரு ஏலக்காயில் பாதி. எப்போதும் பாதிதான், மீதிப் பாதி அவருடைய இலைக்கு. மடித்து, அந்தக் கிராம்பையே ஊசி மாதிரி குத்தி என்னிடம் நீட்டுவார். எங்களுக்குள் சண்டை நடந்திருந்தாலும் அப்படித்தான். அவர் நீட்டுவார், நான் வாங்கிக்கொண்டு என் கையால் ஓர் இலை எடுத்து அவருக்குத் தர வேண்டும். தந்துவிட்டால் பேச்சு முடிந்தது. மகளை எந்த இடத்தில் கொடுப்பது, வீட்டை எங்கே மாற்றுவது, எல்லாமே அந்தச் சாக்கின் மேல் இலை மாற்றித்தான் முடிவானது. நான் வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்த நாட்களும் உண்டு. நீட்டின கையை மடக்காமல், அவர் பாட்டுக்குத் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் போய் எட்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு நானேதான் மடித்துக்கொண்டேன். அதே சுண்ணாம்பு, அதே சீவல், அதே பாதி ஏலக்காய். ஆனால் அது அவர் மடித்த மாதிரி வந்ததே இல்லை. என்ன குறைகிறது என்று தேடித் தேடியே எட்டு வருஷம் மென்றேன். சில நாள், மென்று முடிக்கிற நேரத்தில், அடி நாக்கில் அந்த ருசி ஒரு நொடி வந்துவிட்டுப் போகும். அதற்காகத்தான் மறுபடி ஒன்று மடிப்பேன்.

இனி வெற்றிலை வாயில் படக்கூடாது என்று ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். சரி என்றேன். போடாவிட்டாலும், நினைத்தால் அந்த ருசி வாயில் ஊறியது. ருசியே போய்விட்டால் நினைத்தாலும் ஊறாதே. அவரிடமிருந்து எனக்கு மிச்சம் இருந்ததே அது ஒன்றுதான். இதை நான் யாரிடம் எழுதிக் காட்ட முடியும்?

மகள் தி.நகரில் ஒரு துணிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறாள். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவள் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னாமா, இன்னும் யோசிச்சிக்கினே கீற? டாக்டரு இன்னா, பொண்ணு பாக்கவா வந்தாங்க, பதில் சொல்றதுக்கு இவ்ளோ பிகு பண்ற?"

"நாளு கீதுல்ல" என்றேன்.

"எங்க கீது? ஒரு வாரம் இதுலயே போச்சு. பல்லப் புடுங்கி அது ஆற வேணாவா?" அவள் குரல் ஏறியது. "எல்லாம் நைனா குடுத்த சீரு. ஒழுங்கா வெறும் வெத்தலை போட்டுக்கினு இருந்தவளுக்குப் பொயிலையப் பழக்கிட்டுப் போயிட்டாரு. அவரு நல்லாப் போய்ச் சேர்ந்துட்டாரு, நீ கெடந்து அனுபவி."

நான் நோட்டை இழுத்து, பெரிய எழுத்தில் எழுதினேன். உன் நைனாவைப் பேசாதே.

"எழுத்துல கூட அதட்டுது பாரு!" என்று சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் சொன்னது பொய்யில்லை. அவள் பிறந்த வருஷம் எனக்குப் பல் வலி. கன்னத்தில் சூடு வைத்த மாதிரி வலி. அவர்தான், தான் போடுகிற புகையிலையில் ஒரு கிள்ளு எடுத்து என் இலைக்குள் வைத்து, வலி போயிடும் என்றார். வலி போனது. புகையிலை போகவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று, யார் பழக்கினது என்று டாக்டரம்மா கேட்டபோது, நானேதான் என்று சொன்னேன். என் வீட்டுக்காரரை ஓர் ஆஸ்பத்திரித் தாளில் குற்றவாளியாக எழுத விட மாட்டேன்.

மறுநாள் பல் டாக்டரைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். பார்க்கத்தானே, பிடுங்கவா போகிறார்கள் என்று போனேன். பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பாயும் அவர் மனைவியும் இருந்தார்கள். சரிகை வேலை செய்கிறவர், அவருக்கும் வாயில்தான், பாதி கரண்ட் முடிந்திருந்தது. கழுத்துத் தோல் கருத்துப் போயிருந்தது. நான் நோட்டில் எழுதினேன்: ருசி போச்சா?

அந்த அம்மாவிடம் நீட்டினேன். "நமக்குத் தமிழ் படிக்க வராதும்மா. உருதுதான்" என்று அவள் நோட்டை வீட்டுக்காரரிடம் தள்ளினாள். அவருக்குப் படிக்க வரும், பேச முடியாது. அவர் படித்துவிட்டு அவளைப் பார்த்துக் கையை விரித்தார். அவள் எனக்குச் சொன்னாள். அப்புறம் நான் எழுத, அவர் படிக்க, அவள் பேச, மூன்று பேரும் சேர்ந்து ஓர் ஆள் மாதிரி பேசிக்கொண்டிருந்தோம்.

"ருசி சுத்தமாப் போச்சும்மா. எது குடுத்தாலும் மண்ணு மாதிரிங்கறாங்க. பிரியாணி ஆக்குனேன், மூடி வெச்சிட்டாங்க" என்றாள். அவர் அவள் முழங்கையைத் தட்டி, மூக்கைத் தொட்டுக் காட்டினார். "ஆங், அது ஒண்ணு. சாயாக்கு ஏலக்காய் தட்டுவேன்ல? உள் ரூம்ல படுத்திருப்பாங்க. தட்டின உடனே தலை திரும்பும். குடிக்க மாட்டாங்க. ஆனா திரும்பும்."

நான் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன்.

பல் டாக்டர் பார்த்து முடித்ததும், வீட்டுக்குப் போகாமல் கடைக்குப் போனேன். நான் இல்லாத நாட்களில் பக்கத்துப் பூக்கடைக்காரி என் சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் முதல் முறை நான் உட்கார்ந்தது. மத்தியான நேரம், கூட்டம் இல்லை. ஓர் இலை எடுத்தேன். காம்பைக் கிள்ளினேன், நரம்பை உரித்தேன். சுண்ணாம்பு, சீவல், பாதி ஏலக்காய். கிராம்பைக் குத்தினேன். வாய் இரண்டு விரல் அகலம்தான் திறக்கும். அது போதும். கரண்ட் வைப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை, ருசி இருக்கும்போதே. யாருக்குத் தெரியப் போகிறது?

உதடு வரை கொண்டுபோய்விட்டேன். அப்போது ஏலக்காய் மூக்கில் ஏறியது. பச்சை இலை வாசனை, கிராம்பு, அதற்கு அடியில் சுண்ணாம்பு. கையில் என்னவோ குறைந்தது. சோப்பும் இரும்பும் இல்லை. எட்டு வருஷமாக நான் நாக்கில் தேடிக்கொண்டிருந்தது அவர் கை வாசனையை. அது இலைக்குள் இருந்ததே இல்லை.

இலையை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் அங்கே குந்தியிருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அதைவிட வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அப்போது ஒரு மாமி வந்தார். பழைய வாடிக்கை. "எப்ப வந்தே? வாய் தேவலையா? பேசாதே, பேசாதே. நாளைக்கு ஆத்துல நிச்சயதார்த்தம். ஓட்டை கீட்டை இல்லாம நல்ல எலையா எடுத்துக் குடு. தட்டு மாத்திண்டுட்டா அப்புறம் பேச்சு மாறப்படாது பாரு."

அவருக்கு இரண்டு கவுளி பொறுக்கிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, எனக்கென்று ஏழு இலை தனியாக எடுத்து ஈரத்துணியில் சுற்றினேன்.

அடுத்த நாள் மகளோடு போய், டாக்டரம்மாவின் மேஜை மேல், வீட்டிலிருந்து கொண்டுபோன சின்ன எவர்சில்வர் தட்டை வைத்தேன். ஏழு இலை, மூன்று கொட்டைப்பாக்கு. டாக்டரம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

"என்னம்மா இது? இவ்வளவு சொல்லியும் இன்னும் போடறீங்களா? ஆஸ்பத்திரிக்கே எடுத்துட்டு வர்றீங்க!"

நான் தலையை ஆட்ட ஆட்ட அவர் நிறுத்தவில்லை. பக்கத்தில் நின்றிருந்த நர்ஸம்மா தட்டை எடுத்து அப்புறப்படுத்தப் போனார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் இழுக்க, நான் இழுக்க, ஒரு பாக்கு உருண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டது. என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், உதவிக்கு வரவில்லை. கடைசியில் நோட்டு கௌரவம் எல்லாம் போய், என் கொழகொழத்த குரலிலேயே சொன்னேன்.

"போட இல்ல டாக்டரம்மா. சொல் குடுக்க."

"டாக்டரு, அது எங்க ஊட்டு வழக்கம்" என்றாள் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வெத்தலை மாத்தினாத்தான் இவங்க சொன்ன சொல்லு நிக்கும். கரண்ட் வெச்சிக்கிறேன்றாங்க."

டாக்டரம்மா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நான் இப்ப என்ன பண்ணணும்?"

ஓர் இலையைத் திருப்பித் தர வேண்டும் என்று கையைக் காட்டினேன். நல்ல இலையாக ஒன்றைத் தேடி எடுத்தார். என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"கையில மட்டும்தான். வாய்க்குப் போகக் கூடாது."

நர்ஸம்மா ஒப்புதல் தாளையும் மை டப்பாவையும் என் பக்கம் நகர்த்தினார். டப்பாவைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டேன். என் பெயரைக் கடைசி எழுத்தின் புள்ளிவரை எழுதினேன்.

பல் இரண்டும் போனது. கரண்டும் முடிந்தது. அந்த ஆறு வாரத்தைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. டாக்டரம்மா சொன்ன எதுவும் தப்பவில்லை. ருசி போனது. ஒரு கட்டத்தில் ஏலக்காய் வாசனையே குமட்டியது. அன்றைக்குத்தான் அழுதேன். பிறகு அந்தக் குமட்டல் அடங்கியது. இப்போது பல மாதம் ஆகிறது. புளிப்பு கொஞ்சம் தெரிகிறது. இனிப்பு இன்னும் வரவில்லை. தண்ணீர் பாட்டில் இல்லாமல் எங்கேயும் போக முடியாது. போன முறை பார்த்தபோது வாயும் கழுத்தும் சுத்தமாக இருப்பதாக டாக்டரம்மா சொன்னார். நான் தட்டில் கொடுத்த வெற்றிலை என்ன ஆனது என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

மறுபடி கடையில் உட்காருகிறேன். கொழகொழத்த குரலிலேயே வாடிக்கைக்காரர்களிடம் பேசுகிறேன். பழகிவிட்டார்கள். வெயில் சாய்கிற நேரத்தில், அவர் பட்டறையிலிருந்து வருகிற நேரத்தில், ஓர் இலை எடுக்கிறேன். காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, நகக்கண் அளவு சுண்ணாம்பு. சீவல், பாதி ஏலக்காய். கிராம்பைக் குத்தி, அவர் குந்துகிற ஓரத்தில் வைக்கிறேன். என்னுடைய பாதி ஏலக்காயை விரலில் நசுக்கி முகர்ந்துகொள்கிறேன்.

அவருடைய இலையில் புகையிலை வைப்பதில்லை. அதற்கு அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நீட்டின கையை நானும் மடக்கப் போவதில்லை.