1934 என்று அடித்தவள்

வேதாவுக்கு வேலை கிடைத்தது தட்டச்சுக்காகத்தான். தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் பாஸ் செய்திருந்தாள். 1985-இல், இருபத்திரண்டு வயதில், குரோம்பேட்டைப் பக்கம் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். செம்பாக்கத்தில் வீடு; தாம்பரம் வரை பஸ், அங்கிருந்து ரயில். மூன்று வருடம் கழித்து அந்தத் தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஆபீஸில் இருந்த நாற்பது பேரில் அவளை மட்டும் இரண்டு மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அவளுடைய அப்பா அதைக் காலனி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

பயிற்சி முடிந்ததும் கிடைத்த முதல் வேலை, ஆயிரத்து இருநூறு தொழிலாளர்களின் சர்வீஸ் ரிஜிஸ்டர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. பெயர், டிக்கெட் நம்பர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி. மார்ச்சுக்குள் முடித்துத் தருவதாக பர்சனல் மேனேஜர் ஸ்ரீநிவாசராகவன் மேலிடத்தில் சொல்லியிருந்தார். ஒரு பக்கத்தில் பிறந்த வருடத்தின் கடைசி எண் மை ஊறிக் கலைந்திருந்தது. நான்காகவும் இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம். எடுத்துக்கொண்டு போய் மேனேஜரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைக்கூட மாட்டவில்லை.

"ஏதாவது ஒண்ணு போடும்மா. அப்புறம் லிஸ்ட் எடுத்து போர்டுல ஒட்டுவோம். தப்புன்னா அவனவன் வந்து சொல்லுவான்."

அவள் நான்கு என்று அடித்தாள். அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள்.

லிஸ்ட் ஒட்டப்படவே இல்லை. அதற்கு நேரமில்லை என்றார்கள். இடத்தை அடைக்கிறது என்று பழைய ரிஜிஸ்டர்களை லாரியில் ஏற்றிக் காகித ஆலைக்கு அனுப்பினார்கள். இனிமேல் கம்ப்யூட்டரில் இருப்பதுதான் ஆதாரம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதையும் வேதாதான் டைப் செய்தாள்.

1992 ஜனவரியில், அந்த வருடம் ஓய்வு பெறுகிறவர்களின் பட்டியல் வெளியானது. பதினேழு பேர். ஒரு வாரத்தில் லேத் ஷெட்டிலிருந்து பொன்னுசாமி வந்தார். பீர்க்கன்கரணைக்காரர். குடும்ப நிலத்தைப் பங்காளிகள் மனை போட்டு விற்ற பிறகு இந்த வேலை ஒன்றையே நம்பியிருந்தவர். கடைசி மகள் சாமுண்டீஸ்வரி ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டில்தான் ஓய்வு, தனக்கு இன்னும் ஐம்பத்து மூன்றே நிறையவில்லை என்றார். வேதா அவருடைய நம்பரைத் தட்டினாள். 1934 என்று வந்தது. அந்தப் பக்கமும் கலைந்த மையும் உடனே நினைவுக்கு வந்துவிட்டன.

அவரிடம் அப்போது எதுவும் சொல்லவில்லை. மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அப்படி ஒரு பேச்சு நடந்ததாகவே தனக்கு ஞாபகமில்லை என்றார் அவர். பொன்னுசாமி தான் படித்த பள்ளிக்கு நாலு நடை நடந்து சான்றிதழ் வாங்கி வந்தார். 1939 என்று அதில் தெளிவாக இருந்தது. பிறந்த தேதியில் ஆட்சேபம் இருந்தால் வேலையில் சேர்ந்த மூன்று வருடத்துக்குள் மனு கொடுத்திருக்க வேண்டும் என்று நிர்வாகத்திடமிருந்து பதில் வந்தது.

வேதா மறுபடி போய்க் கேட்டபோது ஸ்ரீநிவாசராகவன் எரிச்சலானார். "மெஷின்ல ஒருத்தனுக்கு மாத்தினா நாளைக்கு நூறு பேர் வந்து நிப்பான். தப்பு உன்னோடதுன்னா எழுதிக் குடு, பாக்கலாம்."

பயமுறுத்துவதற்காகத்தான் அப்படிச் சொன்னார். வீட்டில் அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவள் உத்தியோகத்தைப் பார்த்து வந்த வரன். மூன்று நாள் யோசித்தாள். நான்காம் நாள் நடந்ததையெல்லாம், மேனேஜர் சொன்னதையும் சேர்த்து, எழுதினாள். கொடுப்பதற்கு முன் லேத் ஷெட்டுக்குப் போய்ப் பொன்னுசாமியிடம் நேரில் சொன்னாள். அவர் ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று மனதின் ஒரு மூலையில் எதிர்பார்த்தாள்.

அவர் மெஷினை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார்.

"நம்பர் தெர்லன்னா என்னாண்ட வந்து கேக்கறதுக்கு இன்னாம்மா? பத்தொம்போது வருசமா இதே ஷெட்டுலதான கீறேன்."

அவரைக் கேட்கலாம் என்று அன்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் உண்மை.

கடிதம் அவருக்கு உதவவில்லை. வேலையில் அலட்சியம் என்று வேதாவுக்கு மெமோ வந்தது. கம்ப்யூட்டர் அறையிலிருந்து எடுத்துத் தபால் பிரிவில் போட்டார்கள். விஷயம் எப்படியோ எட்டி, வரனும் விலகிப் போயிற்று. ஆகஸ்டில் பொன்னுசாமிக்கு மாலை போட்டு வழியனுப்பினார்கள். யூனியன் அவருக்காக வழக்குப் போட்டது.

இரண்டு வருடம் கவர்களுக்கு ஸ்டாம்பு ஒட்டிவிட்டு வேதா ராஜினாமா செய்தாள். மேற்குத் தாம்பரத்தில், ஒரு மெடிக்கல் ஷாப்பின் மாடியில் நடந்த கம்ப்யூட்டர் சென்டரில் டேட்டா என்ட்ரி சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தாள். அப்போது ஸ்டேஷனைச் சுற்றித் தெருவுக்கு இரண்டு சென்டர்கள் இருந்தன. மணிக்கு எத்தனை கீ அடிக்கிறார்கள் என்பதை வைத்தே மார்க்.

1995 ஜூனில் பொன்னுசாமி மகளோடு படியேறி வந்தார். காக்கிச் சட்டை போட்டிருந்தார். படப்பை ரோட்டில் ஒரு கிடங்குக்கு வாட்ச்மேன். தன்னைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார் என்று வேதா நினைத்தாள். அவர் உட்கார்ந்தார்.

"பிளஸ் டூ முட்ச்சிட்டா. இத்த படிச்சாத்தான் வேலைன்றாங்கோ. சேத்துக்கோ."

விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில்தான் நிரப்ப வேண்டும். பிறந்த தேதி வந்ததும் அவர் பிளாஸ்டிக் கவரிலிருந்து மகளின் சான்றிதழை எடுத்தார். அவள் கையில் கொடுக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்று, ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்து அடிக்கச் சொன்னார். அடித்தாள். பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லி அதையும் ஒத்துப் பார்த்தார். சாமுண்டீஸ்வரி கூச்சத்தோடு, "போதும்ப்பா, மிஸ் தப்பா நினைச்சுக்கப் போறாங்க" என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நல்ல வேகம். ஆறு மாதத்தில் கிண்டியில் வேலை கிடைத்து, ஸ்வீட் பாக்ஸோடு வந்தாள். தன் பிறந்த வருடத்தைத் தப்பாக அடித்தது இந்த மிஸ்தான் என்று அப்பா அவளிடம் சொல்லவே இல்லை என்பது அப்போது வேதாவுக்குப் புரிந்தது.

வழக்கு 1997 கடைசியில் முடிந்தது. மனுதாரர் சொல்கிற தேதிப்படியே பார்த்தாலும் அவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு நிறைந்துவிட்டது, ஆகவே வேலையில் திரும்பச் சேர்க்கும் பேச்சுக்கே இடமில்லை; உரிய காலத்தில் மனு கொடுக்காததால் மற்ற கோரிக்கைகளும் தள்ளுபடி. யூனியன்காரர் ஜெபசீலன் இதை ரயிலில் பார்த்துச் சொன்னார். தீர்ப்பின் நகல் தன்னிடம் இருப்பதாகவும் வேண்டுமானால் தருவதாகவும் சொன்னார். வேதா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.