ஹவில்தார் தட்டாத கால்

எங்கள் வீட்டு ஜன்னல் விளிம்பில் ஓர் இரும்புக் கிண்ணம் இருக்கிறது. கிண்ணம் என்பது நாங்களாக வைத்த பெயர். ஒரு பக்கம் வட்டமாகக் குழிந்திருக்கும், மறுபக்கம் வெட்டிவிட்டதுபோலத் திறந்து கிடக்கும். என் மனைவி அதில் ஊக்கும் பொத்தானும் போட்டு வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் கேட்டால் பழைய மெஷின் பாகம் என்று சொல்லிவிடுவேன். சாவியால் தட்டினால் டங் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் இத்தனை வருஷம் கழித்தும் என் வலது கால் தானாகப் பின்னுக்கு நகர்கிறது. பாதுகாப்பு பூட்ஸின் முனையில், விரல்களுக்கு மேலே, தோலுக்குள் மறைத்து வைக்கும் இரும்பு மூடி அது. என் பூட்ஸிலிருந்து நானே பிடுங்கி எடுத்தது.

எண்பதுகளின் கடைசியில் நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தேன். காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். காலை எடுத்து மறுபடி மிதிக்க வேண்டும். எட்டு மணி நேரமும் இதுதான் வேலை. என் உடம்பில் மற்ற பாகமெல்லாம் சும்மா நிற்க, வலது கால் கட்டைவிரல் மட்டும்தான் சம்பளம் வாங்கியது என்று நண்பர்களிடம் சொல்வதுண்டு. ஆறு வருஷத்தில் அந்த விரலின் மூட்டு தேய்ந்து, புடைத்து, கடைசியில் ஒரு படி ஏறுவதற்கே பல்லைக் கடிக்க வேண்டியதாயிற்று. பெங்களூரில் பார்த்த டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இதை அறுத்துச் சேர்த்துவிட வேண்டும், இனி இந்த விரல் மடங்காது, ஆனால் வலிக்காது என்றார். அவர் சொன்னதில் எனக்குக் கேட்டது அறுத்து என்ற சொல் ஒன்றுதான். நான் பிறவியிலேயே பயந்தவன். ஊசி போட வந்த நர்ஸைப் பார்த்துப் பள்ளிக்கூடச் சுவர் ஏறிக் குதித்தவன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

ஆனால் ஆஸ்பத்திரியைவிட நான் அதிகம் பயந்தது எங்கள் கம்பெனி கேட்டில் நின்ற ஹவில்தாருக்குத்தான். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து செக்யூரிட்டியாகச் சேர்ந்தவர். பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அவரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், டோக்கன் நம்பர்தான். நான் நூற்று நாற்பத்தாறு. பூட்ஸ் போடாமல் யாரும் ஷாப்புக்குள் போகக்கூடாது என்பது கம்பெனி சட்டம். போட்டிருப்பது நிஜமான பாதுகாப்பு பூட்ஸ்தானா என்று பார்க்க ஹவில்தார் ஒரு வழி வைத்திருந்தார். வரிசையில் வரும் ஒவ்வொருவனின் பூட்ஸ் முனையிலும் கையிலிருக்கும் தடியால் ஒரு தட்டு, இடது ஒன்று, வலது ஒன்று. உள்ளே இரும்பு இருந்தால் டங் என்று கேட்கும். இல்லையென்றால் பொத் என்று கேட்கும். பொத் என்று கேட்டவன் அன்றைக்கு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர் கண் எப்போதும் தரையிலேயே இருக்கும். ஆறு வருஷத்தில் என் முகம் அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது கட்டைவிரலின் நுனியில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. எலும்பு கூடும்வரை அது இருக்க வேண்டுமாம். ஆறு வாரம் அந்தக் கம்பியோடு மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வாடகை வீட்டில் கிடந்தேன். போர்வை பட்டாலும் பயம், பூனை குறுக்கே போனாலும் பயம். காலைச் சுற்றி நாற்காலிகளை வேலிபோல நிறுத்தி வைத்திருந்தேன். கம்பியை எடுக்கும் நாளில் டாக்டர் தட்டிலிருந்து எடுத்தது ஒரு பிளேயர், ஆணி பிடுங்குகிற குறடு. நான் தினமும் கையில் பிடிக்கிற அதே சாமான். அதைப் பார்த்ததும் நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்களாம். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, டாக்டர் இன்னும் தொடவே இல்லைங்க" என்றாள். அந்தக் கதையை அவள் இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்கிறாள்.

டாக்டர் சொல்லி அனுப்பியது இரண்டே விஷயம். இன்னும் இரண்டு மூன்று மாதத்துக்கு விரலை இறுக்கும் எதையும் போடக்கூடாது. அதன் பிறகும் முன்பக்கம் அகலமான, அடி வளையாத பூட்ஸாகப் பார்த்துப் போட வேண்டும். ஆனால் என் லீவு அடுத்த வாரத்தோடு முடிந்தது. அதற்கு முன் அதே ஷாப்பில் முதுகு போன ஒருவர் லீவை நீட்டிக் கேட்டு, வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். எனக்கு ஊர் கல்லாவிப் பக்கம். அங்கே இருந்த மானாவாரி நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு, இனி இந்த மண்ணில் கால் வைக்கமாட்டேன் என்று வாய்த்துடுக்காகச் சொல்லிவிட்டு வந்தவன் நான். கைக்குழந்தையோடும் மடங்காத விரலோடும் அவர் வாசலில் போய் நிற்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் காலில் இருந்த வலியைவிடப் பெரியதாக இருந்தது.

கம்பெனியில் கொடுத்த ஏழாம் நம்பர் பூட்ஸைப் போட்டுப் பார்த்தேன். கால் உள்ளே போனது. எழுந்து நின்றதும் வீங்கிய மூட்டின்மேல் இரும்பு விளிம்பு உட்கார்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெரிய நம்பராவது கிடைக்குமா என்று ஆள் விட்டுக் கேட்டதற்கு, "ரெக்கார்டுல ஏழுன்னு இருக்குது, ஏழுதான் வரும்" என்று ஸ்டோர்ஸிலிருந்து பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கத்தியும் கோணூசியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வலது பூட்ஸின் உள்துணியைப் பிரித்து, அரை மணி நேரம் மல்லுக்கட்டி, இரும்பு மூடியைப் பிடுங்கி எடுத்தேன். முனை அமுங்கிப்போகாமல் இருக்க ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தேங்காய் நாரைச் சுருட்டி வைத்து, துணியைத் தைத்து, மேலே பாலிஷ் போட்டேன். போட்டுக்கொண்டு நடந்து பார்த்தேன். கால் வலித்தது, ஆனால் தாங்க முடிந்தது. மனைவியிடம் இரண்டு காலையும் காட்டி, எதில் இரும்பு இல்லை சொல் பார்ப்போம் என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அவளாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆறு வருஷம் தினமும் கேட்ட சத்தம் அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவேயில்லை. மறுநாள் காலை கேட் வரிசையில் நின்றபோதுதான் அது காதில் விழுந்தது. டங், டங். அடுத்த ஆள். டங், டங். எனக்கு முன்னால் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். இரும்பு இல்லாத முனையில் தடி விழுந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும், அத்தோடு வேலை போகும். அது மட்டுமா, அந்தத் தடி இறங்கப்போவது இப்போதுதான் கூடிய எலும்பின்மேல். மறுபடி முறிந்தால் மறுபடி கம்பி, மறுபடி பிளேயர். திரும்பிப் போகலாம் என்றால் பின்னால் ஐம்பது பேர் நிற்கிறார்கள், லீவும் இல்லை. "ஜல்தி, ஜல்தி" என்று ஹவில்தார் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. இடது காலில் டங் என்று தட்டினார். தடி வலது பக்கம் வந்தது, உயர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தால் தடி அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. ஹவில்தார் தரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். பிறகு தடியைத் திருப்பி, ஏற்கெனவே தட்டிய இடது காலிலேயே இன்னொரு முறை டங் என்று தட்டினார். "போ, நூத்தி நாப்பத்தாறு" என்றார்.

தப்பித்தேன் என்று நினைக்க முடியவில்லை. அவர் கண்டுபிடித்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும், எப்போது சொல்வார் என்பதுதான் தெரியாது. அன்றைக்கு நான் போய் நின்ற அரை மணி நேரத்தில் சூப்பர்வைசர் வந்து, பிரஸ்ஸை விட்டுவிட்டு ஓரத்தில் இருக்கும் மேஜையில் உட்கார்ந்து வாஷர்களைச் சோதிக்கச் சொன்னார். மேஜைக்கு மாற்றப்பட்டவன் அடுத்து வீட்டுக்கு மாற்றப்படுவான் என்பது எங்கள் ஷாப்பில் எல்லோரும் சொல்கிற பேச்சு. மாலையில் சங்கு ஊதி வெளியே வரும்போது, வழக்கமாக ஸ்டூலில் உட்கார்ந்து பையைத் திறந்து காட்டச் சொல்கிற ஹவில்தார், அன்று எழுந்து நின்று என் வலது காலையே பார்த்தார். அடுத்து வந்த நாட்களிலும் அப்படித்தான். உள்ளே போகும்போது இடது காலில் இரண்டு தட்டு, வெளியே வரும்போது வலது காலில் ஒரு பார்வை. உள்ளே வருகிறவன் காலைப் பார்ப்பது சரி, வெளியே போகிறவன் காலில் என்ன இருக்கிறது? சாட்சி சேர்க்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன். செவ்வாய்க்கிழமை அவருக்கு வார விடுமுறை. வேறு ஆள் வந்து தட்டுவானே என்று திங்கள் முழுக்கச் செத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க் காலையில் பார்த்தால் இஸ்திரி போட்ட யூனிபார்மோடு அவரேதான் நின்றார். அடுத்த செவ்வாயும் நின்றார். என்னைப் பிடித்துக்கொடுக்கும் பெயரை வேறு யாருக்கும் விட்டுத்தர மனிதருக்கு மனமில்லை என்று அவரை மனசாரத் திட்டினேன்.

அதற்குள் பூட்ஸ் தேடும் படலமும் நடந்தது. ஓசூரில் ஏறி இறங்காத கடையில்லை. அகலமாக இருந்தால் அடி அப்பளமாக வளைந்தது, அடி கெட்டியாக இருந்தால் முனை குறுகலாக இருந்தது. கிருஷ்ணகிரியில் ஒரு பாய் செருப்புக் கடை வைத்திருக்கிறார், ஆம்பூரில் சொல்லிச் செய்து தருகிறார் என்று மனைவி யாரிடமோ விசாரித்து வந்தாள். ஒரு ஞாயிறு காலையில் போனோம். பாய் என் காலைப் பார்த்துவிட்டு, "காலையில வந்தா கால் நல்ல பிள்ளையா இருக்கும்ணே. ஒரு நாள் வேலை முடிச்சிட்டு நேரா வாங்க, அப்பத்தான் நெசமான சைஸு தெரியும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் வேலை முடிந்ததும் பஸ் பிடித்துப் போனேன். தரையில் செய்தித்தாளை விரித்து, முழு எடையும் போட்டு நிற்கச் சொல்லி, பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்தார். பென்சில் கட்டைவிரலை நெருங்கியபோது நான் காலை இழுத்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "நீங்களே வரைங்கண்ணே" என்று பென்சிலைக் கொடுத்தார். அந்த ஓரத்தை மட்டும் நான் வரைந்தேன். மூன்று வாரத்தில் பூட்ஸ் வந்தது. அகலமான முனை, பெரிய இரும்பு மூடி, அடியில் வளையாமல் ஒரு தகடு. காலை நுழைத்து எழுந்து நின்றேன், வலிக்கும் வலிக்கும் என்று காத்துக்கொண்டு நின்றேன். வலிக்கவில்லை. கடைக்குள்ளேயே அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் கேட்டில், கேட்காமலே வலது காலை முன்னால் வைத்தேன். ஹவில்தார் தடியை ஓங்கியபோது பழக்கதோஷத்தில் கால் பின்னுக்கு நகரத்தான் பார்த்தது. மெதுவாகத்தான் தட்டினார். டங். இன்னொரு முறை தட்டினார். டங். பின்னால் நின்றவர்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு என்னை ஓரமாக அழைத்தார்.

"அன்னிக்கி நீ கண்ண மூடினதப் பாத்ததுமே உள்ள இரும்பு இல்லன்னு தெரிஞ்சிபோச்சு. உன்ன வெளிய நிறுத்தியிருந்தா வேல போயிருக்கும். அதனால உள்ள உட்டன். சூப்பர்வைசருகிட்டச் சொல்லி மேசைல ஒக்கார வெச்சன். அப்பவும் மனசு கேக்கல. மேல இருந்து ஒரு போல்ட்டு நழுவி உழுந்தாப் போதும், போச்சு கால். உட்டது நானு. தெனமும் சங்கு ஊதி, நீ அந்தக் கால ஊணி வெளிய வர்ற வரைக்கும் எனக்கு உசுரு இல்லப்பா. பட்டாளத்துலகூட நான் இப்பிடிப் பயந்ததில்ல."

சொல்லி முடித்ததும் அவர் வரிசைக்குத் திரும்பிப் போய்விட்டார். அன்று மாலை நான் வெளியே வந்தபோது ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என் காலைப் பார்க்கவில்லை. "பைய தொற, நூத்தி நாப்பத்தாறு" என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை கேட்டில் வேறு ஆள் நின்றான்.

சில வருஷம் கழித்து அவர் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். நான் அவரிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடைசிவரைக்கும் அவர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த ஐந்தாறு வாரமும் கேட்டுக்கு உள்ளே நான் ஒருவன்தான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேனே, அதுதான் இப்போதும் உறுத்துகிறது.

அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்த என் மகள் இப்போது இதே ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறாள். கம்பெனி பஸ் தெருமுனையில் நிற்கும் நேரத்துக்கு நான் ஜன்னலோரம் வந்துவிடுவேன். கை சும்மா இருக்காமல் சாவியால் அந்த இரும்பு மூடியைத் தட்டிக்கொண்டிருக்கும். வலது கால் பின்னுக்கு நகரும். அவள் வாசலில் ஏறியதும் முதலில் அவள் கைகளைப் பார்ப்பேன், பிறகு கால்களைப் பார்ப்பேன்.

"என்னப்பா தெனமும் அப்பிடிப் பாக்கறீங்க?" என்று கேட்கிறாள்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறேன்.