காயாத மோட்டாரும் கண் திறக்காத குட்டியும்

ஒரகடத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார் ரத்தினம். மனைவி சரோஜா மூன்று முறை சாப்பிடக் கூப்பிட்டாலும் அவர் காதில் விழாது. இரண்டு தெரு தள்ளி ஒரு பேரிங் முனகினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

1991 தை மாதம். பட்டறை ஓரம் குட்டி போட்ட நாய் காலையில் லாரியில் அடிபட்டுச் செத்தது. ஈன்றது ஒன்றே ஒன்று. "இத வெச்சிகினு நான் இன்னா பண்றது?" என்று திட்டிக்கொண்டே ரத்தினம் அதை எடுத்து வந்தார்.

பேனாவுக்கு மை ஊற்றும் பில்லரில் ஆட்டுப்பால் கொடுத்தார். அத்தனையும் கடைவாயில் வழிந்தது.

"உன் புள்ளைங்களுக்கு ஒரு சங்கு பால் புகட்டியிருப்பியாய்யா நீ?" என்றாள் சரோஜா. "இதுக்கு மட்டும் இன்னா பாசம் பொத்துகினு ஊத்துது?"

ரத்தினம் மறுபடி பில்லரை நீட்டினார். குட்டி வாய் திறக்கவில்லை.

மதியத்துக்குள் அதன் முனகலும் நின்றது. மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பதுபோலப் புறங்கையை அதன் வயிற்றில் வைத்தார். சில்லென்றிருந்தது. ஈரக் காயிலுக்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது, முதலில் சூடு, அப்புறம்தான் லோடு என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அவர்.

"காலையிலருந்து சில்லுனு கீறதுக்குப் பால ஊத்தி லோடு குடுத்துகினு கீறேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வார்னிஷ் பூசிய காயிலை உலர்த்த, உள்ளே பல்பு எரியும் மரப்பெட்டி ஒன்று உண்டு. அதிலிருந்த மோட்டாரை வெளியே வைத்தார். நூறு வாட்டைக் கழற்றி நாற்பது போட்டார். கோணியில் சுற்றிக் குட்டியை உள்ளே வைத்தார்.

மோட்டாருக்குச் சொந்தக்காரன் சுப்பிரமணி வந்து நின்றான்.

"அண்ணே, நாத்து வாடுது. என் மோட்டார வெளிய வெச்சிட்டு உள்ள இன்னா வெச்சிகீற?"

"அர்ஜென்ட் வேலை."

மூடியைத் தூக்கிப் பார்த்தான். "நாயா! எத்தினி எச்.பி.ண்ணே?"

"கால் எச்.பி. கூடத் தேறாது" என்றாள் சரோஜா. "ஆனா உன்னுதுக்கு முன்னாடி சீட்டு புடிச்சிடுச்சு."

ஒரு மணி நேரம் கழித்து ரத்தினம் மறுபடி புறங்கை வைத்தார். சூடு ஏறியிருந்தது. வெதுவெதுப்பான பாலை நாக்கில் விட்டார். முதல் சொட்டு வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. மூன்றாவதற்குத் தொண்டை அசைந்தது.

"இழுக்குதுண்ணே, இழுக்குது!" என்று கத்தினான் சுப்பிரமணி, கிணற்றுத் தண்ணீர் குழாயில் ஏறியதுபோல.

"உன் மோட்டாரு நாளைக்குத்தான்" என்றார் ரத்தினம்.

"அது கெடக்குது. இன்னொரு பில்லர் ஊத்துண்ணே."