தொட்டி நிறைய நல்ல தண்ணி

மகளுக்கு மெட்ராஸில் நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் பெரிய இடம். பூர்வீகம் எங்கள் ஊர்ப்பக்கம் பாலவனத்தம்தான், ஆனால் முப்பது வருசமாக மெட்ராஸ்வாசம். பேச்சில்கூட ஊர் வாடை கிடையாது. வெள்ளைக்காரன் காலத்து ஓட்டலில் விசேஷத்தை வைத்து, முதல் நாளே எங்களுக்கும் அங்கே ரூம் போட்டுவிட்டார்கள். பக்கத்து ரூமில் அவர்கள்.

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறும்போதே மகள் ஆரம்பித்துவிட்டாள். "எம்மா, அங்க வந்து நம்ம ஊர்க் கூத்தைக் காட்டிராத. மாப்பிள்ள வீட்டு அத்தை ஒரு மாதிரி பாத்தாகன்னா எனக்கு வாழ்க்கை பூரா இளக்காரம்தான்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் பிள்ளை பயந்துபோய்ச் சொல்கிறாளே என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஓட்டல் வாசலில் தலைப்பாகை கட்டிய பெரியவர் சல்யூட் வைத்தார். என் வீட்டுக்காரர் பையைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். மகள் கணக்கில் இவர் கூத்தில்லாத ஆள்.

பாத்ரூமே எங்கள் வீட்டுப் பட்டாசாலைக் கூடம் அளவு. நடுவில் ஆள் படுக்கிற மாதிரி வெள்ளைத் தொட்டி. குழாயைத் திருகினேன், கொட்டுகிறது தண்ணி. எங்கள் தெருவில் வாரம் ஒருநாள் வந்தாலே புண்ணியம். பிறகு கை சும்மா இருக்குமா? அடைப்பைப் போட்டு விளிம்புவரை பிடித்தேன். தூசி விழாமல் மேலே துண்டை விரித்தேன். வாளி, கெட்டில், கடைசியில் பூ ஜாடியில் இருந்த பூவை எடுத்துவிட்டு அதையும் நிரப்பினேன். அப்புறம்தான் நிம்மதியாக உட்கார முடிந்தது.

சாயங்காலம் ரூம் சுத்தம் செய்ய ஒரு பெண் வந்தாள். நாங்கள் குளித்த தண்ணி என்று நினைத்து, துண்டை விலக்கி அடைப்பைப் பிடுங்கக் கையை விட்டாள். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்ல தண்ணிம்மா அது. உனக்கு எப்படி மனசு வருது?"

"தொறந்தா வந்துக்கிட்டே இருக்கும் மேடம்."

"எங்க ஊர்லயும் அப்படித்தான் சொன்னாக," என்றேன். கையை விடவில்லை. பேச்சு வளர்ந்து சத்தமாகிவிட்டது.

சத்தம் கேட்டுச் சம்பந்தியம்மா வந்து நின்றார். பின்னாலேயே என் மகள், முகம் செத்துப்போய். பிள்ளை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அதையும் கெடுத்துவிட்டேன்.

அந்த அம்மா தொட்டியைப் பார்த்தார், பூ ஜாடியைப் பார்த்தார். என் கையைப் பிடித்துத் தன் ரூமுக்குக் கூட்டிப்போனார். நேரே பாத்ரூம். தொட்டியில் விளிம்புவரை தண்ணி, மேலே துண்டு.

"மத்தியானம் அந்தப் பொண்ணு ஒருக்க தெறந்து விட்டுட்டா. மறுபடி பிடிச்சு வச்சிருக்கேன்," என்றார். பேச்சு முழுசாகப் பாலவனத்தத்துக்கே போயிருந்தது. "பூ ஜாடிதான் எனக்குத் தோணவே இல்ல, மதினி."

திரும்பிப் பார்த்தேன். வாழ்க்கை பூரா இளக்காரம் என்று பயந்தவள், மாமியார் ரூம் ஜாடியிலிருந்து பூவை எடுத்துக்கொண்டிருந்தாள்.