பொழுதுபட முதல் வீடு சேர ஒரு மலிவு லப்டொப்

பொலித்தீன் பைக்குள் வண்டு அகப்பட்டது போல ஒரு இரைச்சல். பொழுதுபட்ட பிறகு, ஆளில்லாத கடையின் மூலையிலிருந்து வந்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். திருத்தத்துக்கு வந்த லப்டொப் ஒன்றின் காற்றாடிதான். யாரோ நிறுத்த மறந்து போயிருக்கிறார்கள். மலிவு லப்டொப் விற்கிற தொழிலில் முதலில் பழகவேண்டியது சத்தங்களுக்கு. நான் இன்னும் பழகவில்லை.

கடை பரந்தனில். கணவர் கட்டாரில். மூன்று வயது மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறேன். கடை பூட்டி, பஸ் பிடித்து இறங்கினால், வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில் ஒரு லைட்டும் இல்லை. கொஞ்ச நாளாக ஒரு மோட்டார் சைக்கிள், வெளிச்சத்தை அணைத்துவிட்டு, எனக்குப் பின்னால் மெதுவாக வருகிறது. ஆளைத் தெரியாது.

முதலாளியிடம் சொன்னேன். "வீட்டில ஒரு லப்டொப் இருந்தால் வெள்ளனப் போங்கோ. பின்னேரம் வாற ஓடர்களை அங்கயிருந்தே பாருங்கோ. ஆனால் ஒண்டு தவறினாலும் பழையபடி கடைதான், சரியோ?" என்றார். என் கைக்கு எட்டுவது நான் நாளாந்தம் விற்கிற அந்த மலிவு ரகம் மட்டும்தான். அதை நம்பி இறங்கலாமா? அதன் நல்லதையும் கெட்டதையும் எனக்குக் காட்டித் தந்தவர்கள் அதை வாங்க வந்தவர்களே. கால் கடுக்க நின்று, பயத்தை விழுங்கிக்கொண்டு சிரிக்கிற வேலை உங்களுக்கும் வாய்த்திருந்தால், நான் சொல்வது விளங்கும்.

பெட்டியில் எழுதியிருப்பது

உருத்திரபுரத்தில் வயல் செய்கிற ஐயா ஒருவர், உயர்தரம் படிக்கிற மகளோடு வந்தார். நிறம் கேட்கவில்லை, கொம்பனிப் பெயர் கேட்கவில்லை. "கரண்ட் போனால் எவ்வளவு நேரம் நிக்கும்?" என்றுதான் கேட்டார். நாள் முழுக்க நிற்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள்; பொய் வாயில் வராது. "அதில பாதிதான் ஐயா. வெளிச்சத்தைக் குறைச்சு வச்சால் கொஞ்சம் கூட நிக்கும்" என்றேன். முதலாளி உள்ளேயிருந்து பலமாக இருமினார்.

மழை தொடங்கினால் அவர்கள் பக்கம் இரவில் கரண்ட் இருப்பதே அருமையாம். மகளின் முகம் சுருங்கிப்போனது. ஐயா லப்டொப்பைக் கையில் தூக்கி, பாரம் பார்ப்பது போலப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பெட்டியில எழுதினவன் எங்கட ஊர்க் கரண்டைக் கண்டவனே, பிள்ளை? நீ கண்டனீ. அதால உன்னட்டையே வாங்கிறன்."

செத்துப்போன கமரா

புதுக்குடியிருப்பிலிருந்து வந்த தகப்பன் ஒருவர், வாங்கி ஒரு கிழமையும் ஆகாத லப்டொப்பை மேசையில் வைத்து, "கமரா செத்துப்போச்சு" என்றார். ஒன்லைன் வகுப்பில் மகனின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் புகைதான் தெரிகிறதாம். மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ண, அவன் இனி வகுப்புக்கே வரமாட்டேன் என்று அழுகிறானாம். இந்த ரகத்தில் கமரா சொத்திதான், முகம் தெளிவாக விழாது. மாற்றிக் கொடுக்க முதலாளி விடப்போவதில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி மூடியைத் திறந்தேன்.

திரைக்கு மேலே, சரி நடுவில், கமராவின் சின்னக் கண் இருக்கிற இடத்தில், சந்தனமும் குங்குமமும் காய்ந்து இறுகிப்போய் இருந்தன. வாங்கின அன்றைக்கே பிள்ளையார் கோயிலில் வைத்துப் பூசை செய்திருக்கிறார்கள். எங்கள் கடையில் திருத்துகிற சுதன் அண்ணை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தார். தகப்பனின் முகம் திரையில் தெளிந்து வந்தது. அவர் சிரிக்கவில்லை. வெட்கமும் கோபமுமாகக் கேட்டார்: "நெத்தியில வைக்காமப் பின்ன முதுகிலயே தம்பி வைக்கிறது?"

மங்கல்

மகன் வெளிநாட்டில் இருக்கிற ஒரு அம்மா வந்தா. பார்த்துப் பேச ஒரு லப்டொப் வேண்டுமாம். கமராவைப் போட்டுக் காட்டினேன். அவாவின் முகம் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் இருப்பது போல விழுந்தது. கொஞ்சம் கூடின ரகத்தில் முகம் தெளிவாக விழும் என்றேன். அவா வேண்டாம் என்று தலையாட்டினா. கிளினிக்குக்குப் போய் வருகிறாவாம். மகனுக்கு அது தெரியாதாம்.

நானும் கட்டாரில் இருக்கிறவருக்கு இன்னும் மோட்டார் சைக்கிள் கதையைச் சொல்லவில்லை. அதனால் பெட்டியைக் கட்டினேன். அவா என் கையைத் தட்டிச் சொன்னா: "எனக்கு அவன் வடிவாத் தெரியிறான். அவனுக்கு நான் மங்கலாத் தெரிஞ்சால் காணும், மெலிஞ்சது விளங்காது."

தாலி கட்டு

கலியாண வீடியோ எடுக்கிற ஒருவர். "இது எழுத, படிக்க, கணக்குப் பார்க்கத்தான். வீடியோ வெட்டி ஒட்டத் தாங்காது" என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை, விலை அவரை இழுத்துவிட்டது. பிறகு ஒருநாள், கடைக்குள் வராமல், வாசலில் நின்றபடியே கூப்பிட்டார்: "அக்கா, அந்தப் பொம்பிளை மாப்பிளைக்குப் பிள்ளையும் பிறக்கப்போகுது, உங்கட லப்டொப்பில இன்னும் தாலியே கட்டி முடியேல்லை!"

என்னுடைய முறை

போன வெள்ளிக்கிழமை மோட்டார் சைக்கிள் எனக்குப் பக்கத்திலேயே வந்தது. "பிள்ளை நித்திரையோ?" ஒரு குரல் மட்டும். மறுமொழிக்கு நில்லாமல் போய்விட்டது. எனக்கு ஒரு பிள்ளை இருப்பது அவனுக்குத் தெரியும். அன்றிரவு மகளை அணைத்தபடி விடியும்வரை இருந்தேன்.

அடுத்த நாள் மேசைக்கு மறுபக்கம், வாங்க வருகிறவர்கள் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். சுதன் அண்ணை, நான் எல்லாரிடமும் கேட்பது போலவே, "என்ன வேலைக்கு?" என்றார். பற்றறி பாதிதான் நிற்கும், கமரா மங்கல், மூடி அமத்தினால் வளையும், ஓடர் ஒன்று தவறினால் என் கதி என்ன என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் முழுதும் கேட்டார். "அதெல்லாம் நாங்கள் வாறவைக்குச் சொல்லுற கதை. உமக்கு என்ன வேலைக்கு?"

"பொழுதுபட முதல் வீட்டை போக, அண்ணை."

அவர் திரும்பித் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி, என் முன்னால் வைத்தார். "அந்த வேலைக்கு இது காணும், தங்கச்சி."

இந்த லப்டொப் திறந்து வருகிறதுக்குள் ஒரு உலை கொதித்துவிடும் என்று யாராவது குறை சொன்னால் நான் மறுக்கமாட்டேன், ஏனென்றால் அதன் பொத்தானை அமத்திவிட்டு, வெளியில் இன்னும் வெயில் நிற்க, மகளுக்கு முகம் கழுவி, குசினி யன்னலைச் சாத்தி, உள்ளிருந்து கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டுவிடுகிறேன்.