இரண்டாம் பிரிவின் கடைசி ஆட்டம்

மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் டோகோ நாட்டின் இரண்டாம் பிரிவு உதைபந்தாட்டத்தைப் பற்றி ஸ்காபரோவில் அக்கறைப்பட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் சித்தப்பா. மற்றது நான். எனக்கு அப்போது பத்து வயது.

சித்தப்பா கனடாவுக்கு வரும் வழியில் மூன்று வருடம் டோகோவில் அகப்பட்டுக் கிடந்தவர். கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்சிக்காரன் அவரை அங்கே ஒரு விடுதியில் விட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டான். பிறகு எப்படி இங்கே வந்து சேர்ந்தார் என்பது பிள்ளைகளுக்குச் சொல்லப்படவில்லை. டோர்செட் பார்க்கில் இருந்த எங்கள் அப்பார்ட்மென்டில் வரவேற்பறைச் சோபா அவருக்குக் கொடுக்கப்பட்டது. அவருடைய பையில் இருந்த ஒரே நல்ல உடுப்பு கடும்பச்சை நிறத்தில் ஒரு ஜேர்சி.

அது டோகோவில் ஒரு சின்னப் பட்டணத்துக் கழகத்தின் ஜேர்சி. முதலாம் பிரிவை அவர்கள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. வெளியூர் ஆட்டங்களுக்கு மீன் ஏற்றும் வானில் போவார்களாம். எதிரணி ரசிகர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வரவேற்பார்களாம். இப்படியான கதைகளைச் சொல்லிக்கொண்டே சித்தப்பா கட்டடத்தின் பின்பக்கப் புல்லில் எனக்குப் பந்து உதைப்பார். நான் இரண்டு குப்பை வாளிகளுக்கு நடுவே கோல் காப்பேன். அந்தக் கழகத்தின் மாற்றுக் கோல் காப்பாளன் எடெம் என்பவன் அவருடைய கூட்டாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் எடெம் வீடியோவில் அழைப்பான். என்னையும் 'கீப்பர்' என்றுதான் கூப்பிடுவான். எனக்கு அதில் பெரிய பெருமை.

அப்பாவுக்கு இந்த டோகோ பிடிக்காது. ஊராருக்கு அவர் தம்பியைப் 'பிரான்சிலை இருந்து வந்தவர்' என்றே சொல்லி வைத்திருந்தார். "பிரெஞ்சு கதைக்கிறான்தானே, பிறகென்ன?" என்பது அவருடைய நியாயம். டோகோவில் இருந்த காலத்தில் சித்தப்பா பிரெஞ்சு பழகியிருந்தார்.

என் தம்பியின் பிறந்தநாளை ஒரு ஞாயிறு மத்தியானம், கட்டடத்தின் கீழ்த்தளத்திலிருந்த பார்ட்டி மண்டபத்தில் வைத்தோம். உண்மையில் அது தம்பிக்கான விழா இல்லை. விட்பியில் புதுவீடு வாங்கியிருந்த ஒரு குடும்பம் தங்கள் மகளுக்குச் சித்தப்பாவை மாப்பிள்ளை பார்க்க வந்திருந்தது. அதே நேரத்தில் டோகோவில் அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பச்சை அணி வென்றால் முதலாம் பிரிவு. சமன் செய்தாலும் போதாது.

சித்தப்பா என்னைப் பார்த்துக் கண் காட்டினார். இருவரும் பின்கதவால் கார் நிறுத்துமிடத்துக்கு நழுவினோம். எடெமுக்குக் கால் அடிபட்டிருந்ததால் அவன் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்து தன் கைபேசியில் ஆட்டத்தைக் காட்டினான். பாதி நேரம் படம் உறைந்து நின்றது. மீதி நேரம் புழுதியும் கால்களும் அவனுடைய கூச்சலும்தான். ஆனாலும் நான் அப்படியொரு ஆட்டத்தை அதற்குப் பிறகு பார்த்ததில்லை. ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் கூட இல்லை. எங்களுக்குக் கோணர் அடி கிடைத்தது. சித்தப்பா என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார்.

கதவு படாரென்று திறந்தது. அப்பா.

"உள்ளை ஆக்கள் பொம்பிளையோடை காத்துக்கொண்டிருக்கினம். நீ இஞ்சை உவங்களோடையோ?"

அதன் பிறகு அவர் எடெமையும் அவனுடைய ஆட்களையும் நிறத்தை வைத்து ஒரு சொல் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. என் வகுப்பில் பாதிப்பேருக்கு அந்தச் சொல் பொருந்தும்; என் உயிர்த்தோழிக்கும் பொருந்தும். சித்தப்பா, "அண்ணை, அஞ்சு நிமிசம்," என்றார். அப்பா சித்தப்பாவின் கைபேசியைப் பறித்துத் தார்த் தரையில் ஓங்கி எறிந்தார். எடெமின் கூச்சல் பாதியில் நின்றது.

சித்தப்பா குனிந்து உடைந்ததை எடுத்தார். மண்டபத்துக்குள் போனார். நான் பின்னால் ஓடினேன். அம்மா கேக் கத்தியோடு நின்றார். சித்தப்பா நேரே விட்பிக்காரருக்கு முன்னால் போய் நின்றார்.

"அங்கிள், நான் பிரான்சிலை இருக்கேல்லை. டோகோவிலை இருந்தனான். இரண்டாம் டிவிசன் கழகம் ஒண்டு. அவங்களின்ரை உடுப்புத் தோய்ச்சு, அந்த உடுப்பு அறைக்கையே படுத்தெழும்பினனான். அவங்கள் சாப்பிட்டதிலைதான் எனக்கும் தந்தவங்கள்."

பிறகு அப்பாவிடம் திரும்பினார். சித்தப்பா சத்தம் போட்டு அதுவரை நான் கேட்டதேயில்லை.

"மூண்டு வருசம்! எத்தினை தரம் உனக்குப் போன் அடிச்சனான்? ஒருக்கா எடுத்தனியோ? நீ அண்ணனோ?"

அப்பாவை அவர் 'நீ' என்றது அன்றுதான். அப்பாவின் முகம் கறுத்துச் சுருங்கியது.

"எடுத்து என்னத்தைச் சொல்ல?" என்றார் அப்பா. "சொல்ல என்னட்டை ஒண்டும் இருக்கேல்லை."

நான் கத்தினேன். "கோல் போட்டவங்களோ இல்லையோ? ஆராவது பாருங்கோ!" அம்மா என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனார். விட்பிக்காரர் கேக் வெட்டும்வரை இருந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். பிறகு அவர்கள் அழைக்கவில்லை.

மறுநாளே சித்தப்பா வோபர்னில் ஒரு பேஸ்மென்ட் அறைக்குப் போய்விட்டார். நான் அப்பாவோடு கதைப்பதை நிறுத்தினேன். அவர் வாங்கி வந்த சொக்லேட்டை அவர் பார்க்கவே குப்பையில் போட்டேன். பள்ளிக்கூடக் கணினியில் அந்த ஆட்டத்தின் முடிவைத் தேடினேன். இங்கிலாந்தின் ஐந்தாம் பிரிவு முடிவுகள்கூட இருந்தன. டோகோவின் இரண்டாம் பிரிவு எங்குமே இல்லை. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. இவ்வளவு பெரிய உலகத்தில் ஒருவருக்குமா அக்கறையில்லை என்று மேசையைக் குத்தி ஆசிரியையிடம் பேச்சு வாங்கினேன்.

பள்ளி விடுமுறை தொடங்கிய பிறகு ஒருநாள் அம்மா என்னைச் சித்தப்பாவிடம் கூட்டிப்போனார். அவர் புதுக் கைபேசி வாங்கி, யார் யாரையோ பிடித்து எடெமைக் கண்டுபிடித்திருந்தார்.

"வெண்டிட்டாங்கள்," என்றார், கோப்பை கழுவிக்கொண்டே. "ரெண்டுக்கு ஒண்டு. அந்தக் கோணரிலை வந்த பந்துதான்."

நான் துள்ளிக் குதித்தேன். அவர் குதிக்கவில்லை.

"ஏன் சித்தப்பா, உங்களுக்குச் சந்தோசமில்லையோ?"

"சந்தோசம்தான் பிள்ளை. எண்டாலும் பாக்கேல்லையே."

எங்களை ஏற்றிப்போக அப்பா வந்தார். உள்ளே வரவில்லை, தெருவில் காரை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே இருந்தார். அம்மா முன்னால் ஏறினார், நான் பின்னால். கொஞ்சத் தூரம் போனபின் அப்பா கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அவங்கள் வெண்டவங்களோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எறிந்தது அவர். இப்போது முடிவு மட்டும் வேண்டுமாம்.

"நீங்கள்தானே போனை உடைச்சனீங்கள்!" என்றேன்.

சிவப்பு விளக்கில் கார் நின்றது. அது பச்சையாகி, பின்னால் நின்றவன் ஹோர்ன் அடிக்கும்வரை அப்பா காரை எடுக்கவில்லை.

"எத்தினை கோல் அடிச்சவங்கள்?" என்றார், முன்னதைவிட மெதுவாக.

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவருக்கு அந்த முடிவை ஒருநாளும் சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவர் உதைபந்தாட்டத்தைப் பற்றி மட்டும்தான் கேட்கிறார் என்றே அந்த வயதில் நினைத்தேன்.